பிறவியிலேயே கோணல் நகம்! கத்தி வைப்பதா? காத்திருப்பதா?

கேளம்பாக்கம்:
குழந்தைக்கு முதல் ஷூ வாங்க கேளம்பாக்கம் கடைவீதிக்கு வரும்போதுதான் பல பெற்றோர் அதைக் கவனிக்கிறார்கள். கால் பெருவிரல் நகம் நேராக இல்லை! பக்கத்து விரல் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. தடித்து, கறுத்து, படிப்படியாக வரி விழுந்திருக்கிறது. ஷூவைப் போட்டால் "வலிக்குதும்மா" என்று அழுகை.

"நகம்தானே, போகப் போக சரியாயிடும்" என்பார் பாட்டி. "கிரகணத்துல வெளியே போனே, அதான்" என்பார் பக்கத்து வீட்டம்மா. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நகம் முளைக்கும் வேர் பிறவியிலேயே திரும்பி இருப்பதுதான் காரணம். குடும்ப வழியில் வருவதும் உண்டு.

பாட்டி சொல்வதிலும் உண்மை

1979-ல் பிரான்சு நாட்டு டாக்டர் பாரான் தன் சகாக்களுடன் இதை விவரித்து எழுதினார். ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு 10 வயதுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது என்கிறார்கள் டாக்டர்கள். நகத்தின் ஓரச்சதை மட்டும் புடைத்திருந்தால் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் வற்றிவிடும். பிளாஸ்திரியால் சதையை விலக்கி ஒட்டினாலே போதும்.

ஆபரேஷன் எப்போது?

கோணல் அதிகமாகி, நகம் சதைக்குள் இறங்கி, சீழ் கட்டி, நடக்க முடியாமல் போனால் ஆபரேஷன் தேவைப்படலாம். கோணல் கடுமையாக இருந்தால் 2 வயதுக்குள் செய்வது நல்லது என்பது பாரான் கருத்து.

மயக்க மருந்து கொடுத்து, நகத்தை வேரோடும் அடிச்சதையோடும் எலும்பிலிருந்து பிரித்து, விரலுக்கு நேராகத் திருப்பித் தையல் போடுவார்கள். வெறுமனே நகத்தைப் பிடுங்கினால் பயன் இல்லை. வேர் கோணலாகவே இருப்பதால், மறுபடியும் கோணலாகத்தான் முளைக்கும். பெருவிரல் நகம் முழுசாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். பொறுமை வேண்டும்!

பிளேடு வேண்டாம்!

வீட்டில் பிளேடால் ஓரத்தைத் தோண்டினால் புண்தான் மிச்சம். நகத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். 'பூஞ்சைக்காளான்' என்று நினைத்து, மருந்துக்கடையில் கேட்டு மாசக்கணக்கில் களிம்பு தடவுவதும் வீண்.

கேளம்பாக்கத்திலேயே செட்டிநாடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. செங்கல்பட்டில் அரசு ஆஸ்பத்திரி, எழும்பூரில் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி உண்டு. கோணல் தெரிந்ததும் ஒருமுறை காட்டிவிடுங்கள். காத்திருக்கலாமா, கத்தி வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்!