மகள் கேட்ட கேள்வி

ஆங்கில மொழிக்கு 1755ஆம் ஆண்டிலே பேரகராதி ஒன்றை ஆக்கியளித்த கலாநிதி சாமுவேல் ஜோன்சனிடம் ஒரு சிறுமி, அவர் ஏன் அவ்வாறு விநோதமாக அங்கங்களை அசைக்கிறார் என்று கேட்டுவிட்டாளாம். பெரியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி. கெட்ட பழக்கமே காரணம் என்றும், அத்தகைய பழக்கங்கள் தன்னை அணுகாதவாறு அவள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் விடையிறுத்தார். பொஸ்வெல் எழுதிய ஜோன்சன் வரலாற்றில் இச்சிறு நிகழ்ச்சி இடம்பெற்றிருக்கின்றது. மாணவனாக இருந்தபோது இதைப் படித்து, அப்பேரறிஞரின் பணிவை வியந்தேன். தந்தையான பின்னர் அவ்வாறு வியக்க முடியவில்லை.

என் இடக்கண் திடீரென இறுக மூடித் திறக்கும். அதனோடு தோளும் ஒருமுறை மேலே எகிறும். மருத்துவ நூல்கள் ‘டிக்’ என்று கூறும் இத்துடிப்பு ஏழு வயது முதல் என்னுடன் இருக்கின்றது. பள்ளிக்கூடத்திலே இதற்காகப் பட்டப்பெயரும் பெற்றேன். அதை இங்கே எழுத மாட்டேன். ஐந்து வயதான என் மகள் ஒரு மாலைப்பொழுதில், “ஏன் அப்பா கண்ணை அப்பிடிச் சிமிட்டுறியள்?” என்று கேட்டாள். “தூசி விழுந்திட்டுது, பிள்ளை” என்றேன். உடனே கதிரையில் ஏறி நின்று என் கண்ணிலே ஊதினாள். மறுநாளும் ஊதினாள். மூன்றாம் நாள் இரவு தாயிடம் போய், “நான் குழப்படி செய்யிறதாலைதானே அப்பாவுக்குக் கண் அப்பிடித் துடிக்குது?” என்று கேட்டிருக்கிறாள்.

அவள் கவனித்ததில் தவறில்லை. களைப்பும் கோபமும் பரபரப்பும் இத்துடிப்பை மிகுவிப்பன. வேலை முடிந்து நான் களைத்து வருகின்ற நேரமே அவளுடைய குழப்படி உச்சத்தை அடையும் நேரமுமாகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். காரணம் தானே என்று முடிவு செய்துவிட்டாள். நான் சொன்ன பொய் அம்முடிவைத் தடுக்கவில்லை.

ஜோன்சனின் நண்பரான ஓவியர் ஜோசுவா றெனோல்ட்ஸும் இவ்வாறே சரியாகப் பார்த்துத் தவறாக முடிவு செய்தவர். அசையாமல் இருக்கும்படி சொன்னால் ஜோன்சன் அசையாமல் இருந்தாராம். ஆகவே இது வெறும் பழக்கமே என்பது றெனோல்ட்ஸின் வாதம். சிறிது நேரம் அடக்கலாம் என்பது உண்மை. நானும் விருந்தினர் முன்னிலையில் அடக்கியிருக்கிறேன். ஆனால், தும்மலை அடக்குபவனுக்கு மூக்கினுள்ளே என்ன நிகழ்கிறதோ அதுவே எனக்குக் கண்ணோரத்தில் நிகழும். உந்துதல் ஏறிக்கொண்டே போகும்; விருந்தினர் படலையைத் தாண்டியதும் துடிப்பு வட்டியும் முதலுமாக வந்து சேரும். பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா தூரெத் 1885ஆம் ஆண்டில் இத்தகைய துடிப்புகளுடைய ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் வழங்கும் நோயே ஜோன்சனுக்கு இருந்திருக்க வேண்டும் என்று பிற்கால மருத்துவர் பலர் கருதினர். மூளையின் ஆழத்தே அசைவுகளை ஒழுங்குசெய்யும் பகுதிகளோடு தொடர்புடையது இது. நம்மவர் சொல்லும் ‘நரம்புத் தளர்ச்சி’யும் அன்று, வளர்ப்பின் குற்றமும் அன்று.

இவற்றையெல்லாம் ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? அடுத்த நாள் காலை அவளை மடியில் இருத்தினேன்.

“பத்து எண்ணுமட்டும் கண்ணை மூடாமல் இரு, பார்ப்பம்.”

எட்டிலே கண்ணீர் தளும்பியது, மூடிவிட்டாள்.

“ஏன் மூடினனீ?”

“நான் மூடேல்லை. அது தன்பாட்டிலை மூடிட்டுது.”

“அப்பாவுக்கும் அப்பிடித்தான். உனக்கு எட்டிலை வந்தது, எனக்கு ரெண்டிலை வந்திடும். அன்றைக்குத் தூசி எண்டு சொன்னது பொய். நீ குழப்படி செய்யிறதாலையும் இல்லை.”

“நோகுமோ?”

“நோகாது. சில நாளிலை அலுப்பாயிருக்கும்.”

சற்று நேரம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், “எனக்கும் வருமோ?” என்றாள்.

இக்கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இத்துடிப்பு குடும்பவழி வரக்கூடியது. பெரும்பாலும் சிறுவயதிலேயே தொடங்குவது. பத்துப் பன்னிரண்டு வயதளவில் மிகுந்து, பின்னர் பலருக்குத் தணிந்துபோவது. ஜோன்சனின் விடையை நான் அவளுக்குச் சொல்லியிருந்தால், நாளை அவளுடைய கண்ணும் துடிக்கத் தொடங்கும் வேளையில், தந்தை எச்சரித்தும் தான் கெட்ட பழக்கத்துக்கு இடங்கொடுத்துவிட்டதாக அல்லவா எண்ணுவாள்? வராது என்று உறுதி கூறவும் என்னால் இயலாது. ஒரு பொய்யின் விளைவை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

“வந்தாலும் வரும், வராமலும் விடும். வந்தால் என்னட்டைச் சொல்லு. எனக்கு அதைப்பற்றி எல்லாம் தெரியும்” என்றேன்.

“சரி” என்று இறங்கி ஓடிவிட்டாள்.

சென்ற வாரம் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி விளையாட வந்திருந்தாள். என் கண்ணைக் கண்டு, மகளின் காதிலே ஏதோ கேட்டாள். நான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நாற்பது ஆண்டுப் பழக்கம். பத்திரிகைக்கு அப்பாலிருந்து மகளின் குரல் கேட்டது:

“அது தன்பாட்டிலை வாறது. நீ பத்து எண்ணுமட்டும் கண்ணை மூடாமல் இரு, பார்ப்பம்!”