பழைய டீசல் பிக்கப் வண்டிக்கு ஏற்ற பாட்டரி

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதற்கெனச் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கும் குடியானவர்கள் இப்பொழுது அநேக கிராமங்களில் காணப்படுகிறார்கள். இவ்வண்டிகளுள் பல, வாங்கிப் பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு மேலானவை. சில, பிறர் ஓட்டிக் கழித்தபின் விலைக்கு வந்தவை. இஞ்சின் நல்ல நிலைமையில் இருந்தும், விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசையோடு நின்றுவிடுவது இவற்றுக்குரிய பொதுவான குறை. ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிச் சந்தைக்குத் தக்காளி ஏற்றி நிற்கும் வண்டி இரண்டு மணி நேரம் பிந்துமாயின், அன்றைய நல்ல விலை கைவிட்டுப் போவதுடன் சரக்கும் கனிந்து கெடுகிறது. இதற்கு அஞ்சி உடையவர்கள் புதுப் பாட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்துகிறார்கள். ஒரு வருஷம் செல்வதற்குள் அதுவும் பழையபடி ஆகிவிடுகிறது. பழி பாட்டரியின் மேல் விழுகிறது. உண்மையில் குற்றம் பெரும்பாலும் அதைத் தேர்ந்த விதத்திலோ பொருத்திய விதத்திலோ இருக்கும். சில வண்டிகளில், கழற்றி எறியப்பட்ட பழைய பாட்டரியிலேயே யாதொரு குற்றமும் இருந்திராது.

டீசல் இஞ்சினுக்குப் பலமான பாட்டரி ஏன் வேண்டும் என்பதை முதலில் அறிதல் நலம். பெட்ரோல் இஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி உத்தேசமாகப் பத்தில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு, பிளக்கின் பொறியால் பற்றுகிறது. டீசல் இஞ்சினில் பொறி கிடையாது. காற்று மட்டும் 18-ல் ஒரு பங்கு முதல் 22-ல் ஒரு பங்கு வரை நெருக்கப்பட்டு, அந்நெருக்கத்தால் உண்டாகும் உஷ்ணத்தினாலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளுகிறது. இஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அவ்வுஷ்ணம் சிலிண்டரின் சுவர் வழியே வீணாகி, எண்ணெய் எரியாமல் வெண்புகையாக வெளியேறும். ஆகவே இஞ்சினைச் சுற்றினால் மட்டும் போதாது, வேகமாகச் சுற்றவேண்டும். அதற்குச் செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள இஞ்சின்களில் அவையும் அதற்கு முன்னரே தம் பங்கை இழுத்துவிடுகின்றன. தேய்ந்த பழைய இஞ்சினில் நெருக்கம் குறைந்திருப்பதால், இளைய இஞ்சினைக் காட்டிலும் அதற்குப் பாட்டரியின் தயவு அதிகமாக வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. ஒரு முறை ஸ்டார்ட் செய்வதற்கு 300 ஆம்பியர் வீதம் 5 விநாடி மின்சாரம் ஓடுவதாகக் கொள்வோம். செலவாவது அரை ஆம்பியர்-மணிக்கும் குறைவே. 80 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரிக்கு இஃது ஒரு பொருட்டன்று. வண்டி சிறிது தூரம் ஓடினாலே ஆல்டர்னேட்டர் அதை ஈடுசெய்துவிடும். ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒன்று; மதகு எவ்வளவு அகலம் என்பது வேறொன்று. பாட்டரியின் மேல் எழுதியுள்ள ஆம்பியர்-மணி ஏரியின் கொள்ளளவைச் சொல்லுகிறது. டீசல் இஞ்சினுக்கு முக்கியமானது மதகு. சி.சி.ஏ. என்ற எழுத்துக்களோடு பாட்டரியில் அச்சிட்டிருக்கும் எண் மதகின் அகலத்தைக் குறிப்பதாகும். பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி சென்டிகிரேட் குளிரில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 விநாடி வரை எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதே அவ்வெண். அத்தகைய குளிர் நம் நாட்டுச் சமவெளியில் கிடையாதாயினும், இரண்டு பாட்டரிகளை ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு உதவுகிறது.

இவ்வேற்றுமையை அறியாமையால் நேரும் தவறுகளுள் முதன்மையானது, வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கிய டியூபுலர் பாட்டரியை வண்டியில் ஏற்றுவது. 150 ஆம்பியர்-மணி என்று அதில் எழுதியிருப்பதைக் கண்டு, இரட்டிப்புப் பலம் என்று எண்ணிவிடுகிறார்கள். அதன் தகடுகள் தடித்தவை. மின்சாரத்தைச் சிறிது சிறிதாகப் பல மணி நேரம் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஏரி பெரிது, மதகு குறுகல். வண்டிப் பாட்டரியிலோ மெல்லிய தகடுகள் பல நெருக்கமாக அமைந்து, திராவகம் படும் பரப்பை அதிகமாக்குகின்றன. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது.

புதிது வாங்குமுன் பழையதைப் பரீட்சிக்க வேண்டும். இதற்கு மல்டிமீட்டர் ஒன்றிருந்தால் போதும். வண்டி இரவு முழுதும் நின்றபின், காலையில் எதையும் போடாமல் அளந்தால், நன்கு சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 என்பது ஏறக்குறைய அரைப் பங்கு. 12-க்குக் கீழே இருந்தால் அநேகமாகக் காலி. முழுச் சார்ஜ் ஏற்றியும், செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுமானால் அப்பாட்டரியை நம்புவதற்கில்லை. இஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையே காட்டவேண்டும். அதற்குக் குறைந்தால் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பார்க்கவேண்டுமே யன்றிப் பாட்டரிக் கடைக்குப் போவது வீண்செலவு. மிகுந்தால் நீர் கொதித்து வற்றிப் புதுப் பாட்டரியும் சீக்கிரம் சாகும்.

அடுத்தபடி கேபிள்கள். பழைய வண்டிகளின் வியாதி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் மீட்டரின் ஒரு கம்பியைப் பாட்டரியின் + முனையிலும் மற்றதைச் செல்ஃப் மோட்டாரின் முனையிலும் வைத்து அளக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் மின்சாரம் வீணாகிறது. அவ்வாறே – முனைக்கும் இஞ்சினின் வெற்று இரும்புக்கும் இடையே அளக்கவேண்டும். இங்கே இன்னும் குறைவாகவே காட்டவேண்டும். இஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை ஒன்று உண்டு. அதன் அடியில் துருவும் பெயிண்டும் சேர்ந்திருப்பதைக் கவனியாமல் இரண்டு பாட்டரி மாற்றியபின், உப்புக் காகிதத்தால் தேய்த்து இறுக்கியதும் வண்டி கிளம்பிய செய்தி பட்டறைகளில் புதிதன்று.

பாட்டரியே மாற்றவேண்டும் என்று தெளிந்தபின், வண்டி செய்தவர்கள் குறித்துள்ள அளவையே பிரமாணமாகக் கொள்ளவேண்டும். தட்டில் அடங்குமானால் ஒரு படி பெரியது வைப்பதில் தீங்கில்லை. பெரிய பாட்டரி செல்ஃப் மோட்டாரை எரித்துவிடும் என்பது வீண் அச்சம். மோட்டார் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். + முனை இடப்புறமா வலப்புறமா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளவேண்டும். மாறினால் கேபிள் எட்டாது. கடையில் ஆறு மாதத்துக்குமேல் சார்ஜ் இன்றிக் கிடந்ததை விலை குறைவென்று வாங்கலாகாது. தகடுகளில் வெண்மையான ஈய உப்புப் படிந்து இறுகியிருக்கும். நம் நாட்டு வெயிலுக்கு, மூடி திறந்து நீர் ஊற்றக்கூடிய வகையே, மாதந்தோறும் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது. அப்பொறுமை இல்லாதவர்கள் மூடிய வகையை வாங்குவதே மேல்.

சிலர் இரண்டு பாட்டரி வைக்க விரும்புகிறார்கள். அமெரிக்காவில் செய்யப்பட்ட பெரிய டீசல் பிக்கப்களில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டை + உடன் +, – உடன் – ஆக இணைத்திருப்பார்கள். வோல்ட் 12 ஆகவே நிற்க, மதகு இரண்டாகிறது. அவ்விரண்டும் ஒரே வகையாக, ஒரே காலத்தில் வாங்கியவையாக இருத்தல் அவசியம். கிழடும் இளசும் சேர்ந்தால் கிழடு இளசையும் கெடுக்கும். லாரிகளில் உள்ள இணைப்போ வேறு. அங்கே ஒன்றன் + மற்றதன் – உடன் தொடராகச் சேர்ந்து 24 வோல்ட் ஆகிறது. நின்றுபோன பிக்கப்பைக் கிளப்ப லாரியின் 24 வோல்ட்டைக் கொடுப்பது சாலையோரங்களில் நடக்கும் காரியம். பல்புகளும் ஹீட்டர் பிளக்குகளும் ஒரு நொடியில் எரிந்துபோகும். நம் பிக்கப்களுக்குத் தக்க பாட்டரி ஒன்றே போதும்.

பொருத்தும் முறையில் வரிசை முக்கியம். வண்டியின் உடலோடு சேர்ந்துள்ள முனையை, அதாவது சாதாரணமாக – முனையை, முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டவேண்டும். அது மாட்டியிருக்கும்போது + முனையைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால், ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து கையைச் சுடும். பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு பொறிபட்டு வெடிப்பதும் உண்டு. இதே காரணத்தால் அருகில் பீடி, சுருட்டு ஆகாது. பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, முனைகளைப் பளபளவென்று தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் பூசவேண்டும். முன்னே பூசிப் பின்னே இறுக்குவது தலைகீழ் வேலை. + முனை சற்றுப் பருமனாக இருப்பதால் கேபிள்களை மாற்றி மாட்ட இடமில்லை. ஆயினும் அடித்து நுழைப்பவர்கள் உண்டு. அப்படி மாறினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் அக்கணமே எரியும். இஞ்சின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றுவதும் அவற்றுக்கு ஆபத்து.

பிடிப்புச் சட்டத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வரப்பும் வண்டிப்பாதையும் கொடுக்கும் ஆட்டத்தில், கயிற்றால் கட்டிய பாட்டரியின் தகடுகளிலிருந்து ஈயப் பசை உதிர்ந்து அடியில் சேர்ந்துவிடும். வெயிலுக்கு அடுத்தபடி பாட்டரியைக் கொல்வது இவ்வாட்டமே.

நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த ஜலமே, அதாவது டிஸ்டில்ட் வாட்டரே, குறியளவு ஊற்றவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு தகடுகளைக் கெடுக்கும். குடிப்பதற்கென்று விற்கும் சுத்திகரித்த நீரும் உதவாது. அதிலும் உப்பு உண்டு. திராவகம் ஊற்றுவது தவறு. குறைவது நீரே யன்றித் திராவகமன்று.

பழைய பாட்டரியின் எடையில் பாதிக்கு மேற்பட்டது ஈயம். அதை வீட்டில் உடைத்து உருக்குவதும், திராவகத்தை வாய்க்காலில் கொட்டுவதும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் விஷமிடுவதற்கு ஒப்பாகும். 2001-ம் வருஷத்து விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ம் வருஷத்து விதிகளும், பழைய பாட்டரி முறையாகத் திரும்பிப் போய்ச் சேரவேண்டும் என்று ஏற்படுத்தியிருக்கின்றன. விற்பவர் அதற்கு விலையும் கழித்துத் தருகிறார். பஞ்சாயத்து வண்டிகளுக்கு மாற்றும்போது கிராம உத்தியோகஸ்தர்கள், வாங்கிய தேதி, பாட்டரியின் எண், பழையதைப் பெற்றுக்கொண்டவரின் ரசீது ஆகிய மூன்றையும் வண்டியின் லாக் புத்தகத்திலேயே சேர்த்துவைத்தால், உத்தரவாதக் காலத்துக்குள் பழுது வரும்போது தேடவேண்டியிராது.