மாமாவின் பழைய கார்: வாங்கலாமா?

சென்னையிலுள்ள மாமா, "வண்டி சும்மாதான் நிற்கிறது. வெளியாருக்குக் கொடுப்பானேன்? 80,000 ரூபாய் கொடுத்து நீயே எடுத்துக்கொள்" என்கிறார். மும்பையில் குடியிருக்கும் நமக்கு ஆசை வருவது இயல்பே. ஆனால் செலவு அத்துடன் முடிவதில்லை.

வெளிமாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குச் சென்னை ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. மகாராஷ்டிர சாலை வரியும் கட்ட வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்காக மாமாவுக்குக் கிடைத்துவந்த இன்ஷூரன்ஸ் தள்ளுபடி நமக்கு மாறாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். எத்தனை ஆண்டு மீதி என்று பாருங்கள்.

உறவுதானே என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நாம் விபத்தில் சிக்கினால் நஷ்டஈட்டுப் பொறுப்பு மாமாவின் தலையில் விழலாம்.

ஆகவே, தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுங்கள். எல்லாச் செலவையும் கூட்டி, இங்கேயே கிடைக்கும் அதே வயதுக் காரின் விலையோடு ஒப்பிடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வாங்கியபின் மனஸ்தாபப்படுவதைவிட அது மேல்.