அலுமினியத்துக்குள் ஒளியும் உப்பு

கடைசல் முடிந்த அன்று பளபளத்த அலுமினிய வார்ப்பு, சில நாள் கழித்து ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும். உலோகத்துக்குள் சிக்கிய உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உப்பு எப்படி உள்ளே போனது? ஸ்கிராப்பை உருக்கும்போது கசடு பிரிய ஃப்ளக்ஸ் தூவுவார்கள். அதில் பெரும்பகுதி, நம் சமையல் உப்பான சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும்தான். தனித்தனியே 801, 770 டிகிரியில் உருகும் இவை, ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்தால், அலுமினியம் உருகும் 660 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். மிகுதியான மக்னீசியத்தை அகற்றக் குளோரின் செலுத்தினாலோ, 714 டிகிரியில் உருகும் மக்னீசியம் குளோரைடு பிறக்கிறது.

அச்சின் வாயில் வைக்கும் பீங்கான் நுரை வடிகட்டி ஆக்சைடு துகள்களை நன்றாகப் பிடிக்கும். உருகிய உப்பின் திரவத் துளி அதற்கு அகப்படாது. ரசத்தை வடிகட்டினால் கொத்தமல்லித் தழை தங்கும், நெய் தங்குமா?

இங்கேதான் உருண்டைப் படுகை கைகொடுக்கிறது. சூடேற்றிய பெட்டியில் அலுமினா உருண்டைகளை நிரப்பி, அவற்றின் இடுக்குகள் வழியே உலோகத்தை ஓடவிடுகிறார்கள். உருகிய அலுமினியம் அலுமினாவில் எளிதில் ஒட்டாது; உப்பு ஒட்டிப் படரும். ஒட்டிய துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, பிய்த்துக்கொண்டு மேலே மிதக்கும். உப்பு அலுமினியத்தைவிட இலேசு. ஆனால் நுண்துளி தானாக மேலே வர மணிக்கணக்காகும். விட்டம் 10 மடங்கானால் ஏறும் வேகம் 100 மடங்காகிறது; படுகையின் சூட்சுமமே அதுதான். பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனம் உருவாக்கிய ஃபில்ட் முறையில் இத்தகைய உருண்டைகளும் நைட்ரஜனும் சேர்ந்தே வேலை செய்தன.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களின் சிறு பட்டறைகளுக்கு இது சரிப்படாது. காலையில் எல்எம் 6, மாலையில் எல்எம் 25 என்று கலவை மாறினால், ஒவ்வொரு முறையும் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். இரவிலும் சூடு குறையக் கூடாது. சுழலும் தண்டு வழியே நைட்ரஜன் குமிழிகளை விட்டு உப்பை மேலே தூக்குவதே அவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

ஸ்கிராப்பிலிருந்து ஏடிசி 12 கலவையில் பாளம் வார்ப்பவர்கள் நிலை வேறு. நாள் முழுக்க ஒரே கலவை. அதில் மக்னீசியம் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், அதை அகற்றும் வேலையும் உண்டு. தாதுவிலிருந்து எடுக்கும் அலுமினியத்துக்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே ஸ்கிராப்பை உருக்கப் போதும். அந்தச் சேமிப்பில் ஒரு பங்கைப் பாளம் வார்க்கும் இடத்திலேயே இத்தகைய படுகைக்குச் செலவிடுவது நியாயம்; பாளம் வாங்கும் சிறு பட்டறை, தான் கலக்காத உப்புக்காக நிராகரிப்பைச் சுமக்க வேண்டியிராது.