சிப்பியில் முத்து... கண்ணில் முத்து!



தூத்துக்குடியில் நின்று முத்தைப் பற்றிப் பேசாமல் போனால் கடல் கோபித்துக்கொள்ளும். பக்கத்து வேப்பலோடையில் 1973ஆம் ஆண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை விளையவைத்துக் காட்டினார்கள். எப்படித் தெரியுமா? சிப்பியை மயக்கி, மெல்லக் கீறி, ஒரு சின்ன மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்தார்கள். அதுவும் ஆபரேஷன்தானே! (சிரிப்பு)

முத்து சிப்பிக்குள் விளைந்தால் சீதனம். கண்ணுக்குள் விளைந்தால்? கண்புரைக்கு இந்தியில் ‘மோதியாபிந்த்’ என்று பேர். ‘முத்துத் துளி’ என்று பொருள். ‘அறுவை மருத்துவத்தில் விஞ்சி நிற்பது ஆயுர்வேதமா, நவீன மருத்துவமா?’ என்ற இன்றைய கேள்விக்கு, அந்த ஒரு முத்தை வைத்தே பதில் சொல்லப் போகிறேன்.

எதிரணித் தலைவர் சுசுருதரைச் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். கத்தி பிடிக்கும் மாணவன் முதலில் பூசணி, வெள்ளரியில் வெட்டிப் பழக வேண்டும், துணியிலும் தோலிலும் தைத்துப் பழக வேண்டும் என்று எழுதிய மகான் அவர். நம் சங்க இலக்கியம் மட்டும் சும்மாவா? போர்ப் புண்ணைத் தைக்கும் ஊசி மேலும் கீழும் போய் வருவதற்கு, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியை உவமை சொன்னார் பதிற்றுப்பத்தில் பரணர். பெருமைதான். யார் இல்லை என்றது?

ஆனால் புரைக்கு வாருங்கள். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் தெளிவாக இருக்க வேண்டும். வயதாக ஆக அது கலங்கி வெளுத்துப்போவதுதான் புரை. பழைய முறை என்ன? வெள்ளை விழி வழியே ஊசியைச் செலுத்தி, அந்தப் புரையை ஓரமாகத் தள்ளிவிடுவது. வெளிச்சம் தெரியும். ஆனால் தள்ளிய லென்ஸ் கண்ணுக்குள்ளேயே கிடக்கும்.

எங்கள் ஆச்சிக்கு வலது கண்ணில் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு அப்போது ஆறேழு வயது. ஊர் ஊராகப் போய்ப் புரை தள்ளுகிற ஒருவர் வந்தார். கட்டு அவிழ்த்த அன்று ஆச்சி என் முகத்தைத் தடவி, “ஏலே, நீ உங்க தாத்தா சாடைலே!” என்றாள். வீடே கொண்டாடியது. மூன்று மாதம்தான். கண் சிவந்தது, வலித்தது, அப்புறம் இருண்டே போனது.

இடது கண்ணுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். புரையைத் தள்ளவில்லை, வெளியே எடுத்தார்கள். பிரான்சைச் சேர்ந்த டேவியல் என்பவர் 1747இல் செய்து காட்டிய வழி அது. ஆச்சிக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. சாகும்வரை அரிசியில் கல் பொறுக்கினாள்.

பிறகு என் அம்மாவுக்குப் புரை. அவர்களுக்குச் சோடாபுட்டியும் இல்லை. எடுத்த லென்சுக்குப் பதிலாக உள்ளேயே ஒரு லென்ஸ் வைத்துவிட்டார்கள். இதை 1949இல் லண்டனில் தொடங்கியவர் ரிட்லி. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடித் துணுக்கு கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை! விலை உயர்ந்த அந்த லென்சை 1992 முதல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் மலிவாகச் செய்து கொடுத்தது. (கைதட்டல்)

ஒரே குடும்பம், மூன்று கண்கள். இடையில் என்ன நடந்தது? 1867இல் லிஸ்டர், கிருமியைக் கொல்லாமல் கத்தியை எடுக்காதே என்றார். 1884இல் கோலர், கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கண்டார். சுசுருதருக்கு அறிவு குறைவில்லை, நடுவர் அவர்களே! இந்த இரண்டும் கையில் இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கியதால் நவீன மருத்துவம் வளர்ந்தது. நாம் விட்ட இடத்திலேயே நின்று மாலை போட்டோம்.

அதற்காகப் பழசெல்லாம் குப்பையா? இல்லை. பவுத்திரத்துக்கு ஆயுர்வேதத்தில் மருந்தேற்றிய நூல் கட்டுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு 1991இல் முடிவைச் சொன்னது. நூல் கட்டியவர்களுக்கு ஆற நாளானது. ஆனால் நோய் திரும்பியது நூற்றுக்கு 4 பேருக்கு. அறுவையில் 11 பேருக்கு. பழசு சோதனைக்கு வந்தது, ஜெயித்தது. நான் கைதட்டுகிறேன்.

ஆக, பெருமை வயதில் இல்லை. சோதனைக்குக் கழுத்தை நீட்டுவதில் இருக்கிறது. அந்தத் துணிச்சலை வழக்கமாக்கியது நவீன மருத்துவம். ஆகவே தீர்ப்பு எங்களுக்கே வேண்டும்.

தாய்மார்களே, தீர்ப்பு எப்படியும் போகட்டும். வீட்டில் பெரியவர்களுக்குக் கண் மங்கினால், சொட்டு மருந்தில் புரை கரையும் என்று நாளைக் கடத்தாதீர்கள். கரையாது. சிப்பி முத்து காத்திருக்கும். கண் முத்து காத்திருக்காது. எங்கள் ஆச்சியின் வலது கண் சொல்லச் சொன்னது இவ்வளவுதான்.