ஆய்வகமும் அதிகாரமும்: பொறியியல் துறைகளில் டி.ஏ. பயிற்சி குறித்து

வல்லம் வடகால் சிப்காட்டில் வேலைக்குச் சேருகிற பொறியியல் பட்டதாரிக்கு யார் கற்பித்தது? பேராசிரியர் என்போம். வகுப்பறையைப் பொறுத்தவரை சரி. ஆனால் பெரிய பல்கலைக்கழகத் துறைகளின் ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று ‘இந்தக் கனெக்‌ஷன் தப்பு’ என்பவரும், ரெக்கார்டு நோட்டைத் திருத்துபவரும் பெரும்பாலும் ஒரு எம்.டெக். அல்லது பிஎச்.டி. மாணவர்தான். கற்பித்தல் உதவியாளர், வழக்கில் டி.ஏ.

கேட் தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஈடாக வாரம் 8 மணி நேரம் துறைக்கு வேலை. இங்கே கற்பித்தல் என்பது கற்க வேண்டிய ஒன்றல்ல, கழிக்க வேண்டிய மணிக்கணக்கு. பாடம் தெரிஞ்சவனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் தானா வரும் என்கிற கருத்தியலே இதைத் தாங்கி நிற்கிறது.

பள்ளி ஆசிரியருக்கு பி.எட். உண்டு, அதில் சில நிமிடம் நடத்தி, குறை கேட்டு, மறுபடி நடத்துகிற நுண்ணிலைக் கற்பித்தல் உண்டு. பொறியியல் ஆசிரியருக்கு 1964 முதல் தரமணியில் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் 8 தொகுதிப் பயிற்சியும் இருக்கிறது. இவையெல்லாம் நியமன ஆணை பெற்றவர்களை முன்வைத்தவை. டி.ஏ.வுக்கென்றே பாடம் வைத்திருக்கிற ஐ.ஐ.டி. பம்பாய் போன்ற இடங்களும் உண்டுதான். ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை.

தொழிற்சாலை இதை எப்போதோ யோசித்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா, சூப்பர்வைசர்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது எப்படி என்று 10 மணி நேரப் பயிற்சி தந்தது. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவின் நடைமுறையில் கலந்தது. தொழிலாளிக்கு வேலை பிடிபடவில்லையென்றால் சொல்லிக் கொடுத்தவரைக் கேள் என்பது அதன் அடிப்படை. உற்பத்திக்காகவும் ஒழுங்குக்காகவும் வந்த அறிவு இது, கொண்டாட ஒன்றுமில்லை. ஆனாலும் தோல்விக்கு யார் பொறுப்பு என்று அது கேட்டது. பல்கலைக்கழகமோ தோல்வியை மாணவர் தலையிலேயே கட்டிவிடுகிறது.

வைவாவில் இது அப்பட்டமாகத் தெரியும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவி, ‘லோடு ஏறினா ரோட்டர் இன்னும் பின்தங்குது, அதனாலதான் கரண்ட் கூடுது’ என்கிறாள். சரியான விடை. ‘ஸ்லிப்’ என்பதன் ஆங்கில வரையறையை எதிர்பார்க்கிற டி.ஏ. மதிப்பெண்ணைக் குறைக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. தனக்கு நடந்ததைத் திரும்பச் செய்கிறார், அவ்வளவுதான். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால் பாடமொழியை மாற்றினால் மட்டும் போதுமா? கேட்கிற காதும் மாற வேண்டாமா?

ஆகவே டி.ஏ. பயிற்சி என்பது ஸ்லைடு தயாரிக்கக் கற்றுத் தருவதல்ல. தப்பான விடைக்குள் இருக்கிற யோசனையைக் கண்டுபிடிப்பது, விடையைச் சொல்லிவிடாமல் அடுத்த கேள்வி கேட்பது, தமிழும் ஆங்கிலமும் கலந்து விளக்குவது, மதிப்பெண் எதற்கென்று முன்கூட்டியே சொல்வது, ஊரையும் சாதியையும் வைத்து ஆளை எடைபோடாதிருப்பது: இவை பழகினால் வருபவை. பருவம் தொடங்குமுன் சில நாள், பிறகு வாரம் ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தை 8 மணி நேரத்துக்கு வெளியே தள்ளாமல் உள்ளேயே கணக்கிட வேண்டும். இல்லையென்றால் பயிற்சியும் இன்னொரு கூலியில்லா வேலையாகிவிடும்.