யாரும் ஓட்டுக் கேட்காத சட்டம்

1973 மே 20 அன்று திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். கட்சி தொடங்கி ஏழே மாதமான எம்.ஜி.ஆர்., மாயத்தேவரை நிறுத்தி இரட்டை இலையில் முதல் வெற்றி கண்டது அப்போதுதான். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. ஊரில் வயதானவர்கள் அந்தத் தேர்தலை ஊர்வலம், சுவரெழுத்து, மாட்டுவண்டிக் கூட்டம் என்று இன்றும் விவரிப்பார்கள்.

அதற்கு ஏறத்தாழப் பதினான்கு மாதம் முன்பே, 1972 ஏப்ரல் 1 முதல், கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் நாட்டில் அமலுக்கு வந்திருந்தது. அதை வைத்து ஓட்டுக் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. கருணாநிதியா எம்.ஜி.ஆரா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் கதை வேறு. 1970 நவம்பரில் வாஷிங்டன் மாநிலம் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கலாமா என்று மக்களிடமே கேட்டது. நூற்றுக்கு 56 பேர் ஆம் என்றார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்குமான உரிமையாக்கியது, 2022 ஜூனில் அதே நீதிமன்றம் அதைப் பறித்தது. உடனே மாநிலம் மாநிலமாக மறுபடி வாக்குப்பெட்டி. 2024 நவம்பரில் மட்டும் பத்து மாநிலங்களில் கேட்டார்கள். ஏழில் உரிமை ஜெயித்தது. புளோரிடாவில் 57 சதவீதம் ஆதரித்தும் தோற்றது, அங்கே 60 தேவை என்பதால். அயர்லாந்தில் 2018-ல் 66 சதவீதம் ஆதரித்தார்கள். அந்த வாக்கெடுப்புக்குப் பின்னால் 2012-ல் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு இறந்த சவிதா ஹலப்பனவர் இருந்தார், நம் பக்கத்துக் கர்நாடகத்துப் பெண்.

நமக்கு அந்த அலைச்சல் எதுவும் இல்லை. சட்டம் டெல்லியில் தயாராகி, வீட்டு வாசலில் வந்து நின்றது. அதை நல்லது என்றே நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அதற்கு முன்பு என்ன இருந்தது? 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 312. தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்றாண்டு சிறை, சிசு அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழாண்டு. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். காகிதத்தில் இப்படி. ஊரில், 'நாள் தள்ளிப்போச்சு' என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் மெதுவாகச் சொன்னால் பப்பாளியும் எள்ளும் கருஞ்சீரகமும் வரும். அது பலிக்காவிட்டால் கை தேர்ந்தவள் என்று பெயரெடுத்த மருத்துவச்சி, எருக்கங்குச்சி. எருக்கங்குச்சியால் சீழ் பிடித்து, ஜன்னி கண்டு, மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்கு அறுபது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. 'காய்ச்சலில் போயிட்டா' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். 1964-ல் அரசு அமைத்த சாந்திலால் ஷா குழு, நாட்டில் ஆண்டுக்கு 39 லட்சம் கருக்கலைப்புகள் நடக்கலாம் என்று மதிப்பிட்டது. சட்டம் தடுத்துக்கொண்டிருந்த காலத்தில்!

1966-ல் அந்தக் குழு அறிக்கை தந்தது. மறு ஆண்டு மத்திய சுகாதார அமைச்சரானவர் எஸ். சந்திரசேகர், மக்கள்தொகைப் பேராசிரியர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1969-ல் மசோதா வந்தது, 1971 ஆகஸ்டில் சட்டமானது. பன்னிரண்டு வாரம் வரை ஒரு டாக்டர், இருபது வாரம் வரை இரண்டு டாக்டர்கள், 'இந்தப் பெண்ணின் உயிருக்கோ உடல், மனநலத்துக்கோ ஆபத்து' என்று நல்லெண்ணத்துடன் கருதினால் கலைக்கலாம். கருத்தடை பொய்த்துப் போனதும் ஒரு காரணமாகச் சேர்ந்தது, ஆனால் மணமான பெண்ணுக்கு மட்டும். கருதுகிறவர் டாக்டர், கேட்கிறவள் பெண். தண்டனைச் சட்டமும் போய்விடவில்லை. அதன் மேல் டாக்டருக்கு ஒரு குடையைப் பிடித்ததுதான் 1971-ன் சட்டம்.

அது எந்த மண்ணில் வந்து விழுந்தது என்று பார்த்தால் திண்டுக்கல் ஒரு தனி இடம். ஊருக்குத் தெற்கே, மதுரை சாலையில் காந்திகிராமம். டாக்டர் சௌந்திரம் ராமச்சந்திரன் 1947-ல் தொடங்கியது. டி.வி.எஸ். குடும்பத்தின் மகள், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர், டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தவர், காந்தியின் ஆசியோடு மறுமணம் செய்துகொண்டவர். 1962-ல் இதே திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், மத்தியத் துணையமைச்சர். அவர் சிறிய அளவில் தொடங்கிய பிரசவ மனைதான் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. சின்னாளபட்டியில் தறியில் உட்கார்ந்த பெண்கள், ஆத்தூர், நிலக்கோட்டைப் பக்கத்துக் கூலிப் பெண்கள் எனப் பிரசவத்துக்கு அங்கே வராதவர்கள் குறைவு.

1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964-ல் அது காந்திகிராம கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனமாயிற்று. வீடு வீடாகப் போய்த் தம்பதிகளிடம் பேசி, பிறப்புகளைக் கணக்கெடுத்து, கிராமத்தில் குடும்பக் கட்டுப்பாட்டை எப்படிக் கொண்டுபோவது என்று நாட்டுக்கே பாடம் எடுத்த வட்டாரம் ஆத்தூர். காந்தி பெயரில் ஒரு கிராமம் இதைச் செய்ததில் ஒரு வேடிக்கை உண்டு. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து வாதாடிய மார்கரெட் சாங்கரிடம், கருத்தடைக் கருவி வேண்டாம், புலனடக்கம் போதும் என்று உறுதியாக நின்றவர் காந்தி. அதே காலத்தில் ஈரோட்டிலிருந்து பெரியார், பிள்ளை பெறுவது பெண்ணின் விடுதலையைச் சேர்ந்த விஷயம், நாட்டுப் பொருளாதாரத்துக்கான கணக்கு மட்டும் அல்ல என்று எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் காந்திகிராமத்தில் நடைமுறைக்கு வந்தது காந்தி சொன்னதும் அல்ல, பெரியார் சொன்னதும் முழுதாக அல்ல. டெல்லியின் மக்கள்தொகைக் கணக்கு. சிவப்பு முக்கோண விளம்பரமும் 'இரண்டு போதும்' என்ற சுவரெழுத்தும் அதோடு சேர்ந்தவை.

கருக்கலைப்பு அந்தக் கணக்குக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. 'கலைச்சு விடணும்னா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்க' என்று பெண்களிடம் நிபந்தனை போடும் பழக்கம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இருந்ததைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் எந்த வரியிலும் கிடையாது. கணவன் கையெழுத்தும் அப்படித்தான்: பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று 1971-லேயே எழுதியாயிற்று. ஆனாலும் 'வீட்டுக்காரர் வந்திருக்காரா?' என்ற கேள்வி ஐம்பது ஆண்டாக ஓயவில்லை.

குடும்பக் கட்டுப்பாடு இந்தியாவில் ஒரே ஒரு தடவை ஓட்டுப் பெட்டி வரை போனது, அதுவும் தலைகீழாக. நெருக்கடி நிலையில் கட்டாயக் கருத்தடை ஆபரேஷன் செய்ததற்கு 1977-ல் வட இந்தியா இந்திரா காந்தியைத் தண்டித்தது. தமிழ்நாடு தண்டிக்கவில்லை; காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணிக்கே அள்ளிக் கொடுத்தது. இங்கே ஆபரேஷன் ஆண்களை விட்டுப் பெண்கள் பக்கம் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. இன்று தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேற மாட்டார்கள்.

எண்பதுகளில் வேறொரு நிழல் விழுந்தது. பக்கத்து உசிலம்பட்டியில் பெண் குழந்தைகள் கொல்லப்படும் செய்தி நாடெங்கும் பரவியது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் திண்டுக்கல்லுக்கும் வந்தது. ஸ்கேன் மையங்கள் பெருகின; பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான். ஆனால் ஸ்கேன் மையத்துச் சுவரில் உள்ள எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துப் பார்த்து, கருக்கலைப்பே குற்றம் என்று நம்புகிற பெண்கள் இன்றும் உண்டு, படித்தவர்கள் உட்பட. மருந்துக் கடைக்காரர்களுக்கும் அதே பயம். 2002-லேயே நாட்டில் அனுமதி பெற்ற கருக்கலைப்பு மாத்திரை தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இந்தியா முழுவதும் 2015-ல் ஏறத்தாழ 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவானவை ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையில் முடிந்ததாகவும் லான்செட் இதழ்க் குழுமத்தில் வந்த ஆய்வு சொன்னது.

இன்றைய திண்டுக்கல்லில் எருக்கங்குச்சிக்கு வேலை இல்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, வீட்டில் பிரசவம் பார்ப்பதே அபூர்வம். இதை மாற்றம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறைப் பெண்கள் சாகாமல் இருந்திருக்கிறார்கள். சங்கடம் வேறு மாதிரி வருகிறது. 2017 முதல் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். தாய் சேய் நலனுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் நாள் தள்ளியவுடன் கிராமச் செவிலியர் பதிந்துவிட்டால், அந்தக் கர்ப்பம் அப்புறம் எங்கே போனது என்று கேட்க ஒரு ஏடு இருக்கிறது. சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது. தெருவில் எல்லாருக்கும் தெரிந்த செவிலியர் அக்கா வாசலில் நின்று கேட்கும்போது ரகசியம் எவ்வளவு தூரம் நிற்கும்?

2021 செப்டம்பரில் கருக்கலைப்புச் சட்டத்தின் திருத்தம் அமலானது. இருபது வாரம் வரை ஒரு டாக்டர் போதும். குறிப்பிட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு இருபத்து நான்கு வாரம். அதற்கு மேல் சிசுவுக்குக் கடுமையான குறை இருந்தால் மருத்துவ வாரியம். 'மணமான பெண்ணும் கணவனும்' இருந்த இடத்தில் 'எந்தப் பெண்ணும் துணையும்' வந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் அமர்வு, மணமாகாதவர்களுக்கும் இருபத்து நான்கு வாரம் பொருந்தும் என்றது. கணவனின் வன்முறையால் வந்த கருவையும் இந்தச் சட்டத்தின் பார்வையில் பாலியல் வன்முறையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றது.

இந்த மாற்றம் யாருக்கு அதிகம் வேண்டும் என்று கேட்டால் மாவட்டத்தில் வேடசந்தூர்ப் பக்கம் கையைக் காட்டுவேன். விடியும் முன் கம்பெனி வேனில் ஏறும் பெண்கள், விடுதியிலேயே தங்கி நூற்பாலையில் நிற்கும் பெண்கள், பெரும்பாலும் மணமாகாதவர்கள். 2021 ஜனவரியில் அங்கே ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தி கொல்லப்பட்ட பிறகு, பாலியல் தொல்லைக்கு எதிராகத் தொழிற்சங்கமும் நிறுவனமும் 2022 ஏப்ரலில் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு உலகம் வைத்த பெயரே திண்டுக்கல் ஒப்பந்தம். அந்தப் பெண்களுக்குச் சங்கம் போராடிப் பெற்றது அது. கருக்கலைப்பு உரிமையோ யாரும் போராடாமல், யாரும் சொல்லாமல் அவர்கள் தலைக்கு மேலாக வந்திருக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்திருந்தால் சண்டை நடந்திருக்கும், சாமியார்களும் பாதிரிமார்களும் பேசியிருப்பார்கள், தோற்றும் போயிருக்கலாம். ஆனால் ஆலை கேட்டில் துண்டுப்பிரசுரம் கொடுத்திருப்பார்கள்.

அதே ஆலையில் பதினேழு வயதுப் பெண் என்றால் இன்னொரு முடிச்சு. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்; காதலித்த பையன் உள்ளே போவான் என்று பயந்து அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலுக்கே வருவதில்லை. 2022 தீர்ப்பு இதற்கு வழி சொன்னது: பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தரும் தகவலில் பெயரோ அடையாளமோ வேண்டியதில்லை. பெயரைக் கேட்டு நிர்ப்பந்திக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2023-ல் எடுத்துச் சொன்னது.